நிலம் புரண்டும் நிமிர்ந்த தீவு... சாக்லேட் மலைகளின் போஹோல்!

பிலிப்பைன்ஸ் நாட்டின் 200 பெசோ நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்த கிண்ணங்களைப் போல வரிசையாக மலைகள். பக்கத்திலேயே, முகம் முழுக்கக் கண்ணாக ஒரு குட்டி விலங்கு. இரண்டுக்கும் சொந்த ஊர் ஒன்றுதான். போஹோல்!

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாட்டில், பரப்பளவில் பத்தாவது பெரிய தீவு இது. தனி மாகாணமும்கூட. தலைநகர் தக்பிலாரன். அது போக 47 ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. ஒன்றில் மலை, அடுத்ததில் ஆறு, மற்றொன்றில் பவளக்கல்லில் கட்டிய தேவாலயம், இன்னொன்றில் பானை வடிவ உப்பு.

பக்கத்துத் தீவான செபுவிலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரத்தில் தக்பிலாரன் வந்துவிடலாம். தக்பிலாரனைப் பாலத்தால் தொட்டுக்கொண்டிருக்கும் பங்லாவ் என்ற சின்னத் தீவில் 2018-ல் பன்னாட்டு விமான நிலையமும் திறந்தாகிவிட்டது. 2025 ஜூன் முதல் இந்தியர்கள் 14 நாட்கள் வரை விசா இல்லாமலே பிலிப்பைன்ஸைச் சுற்றிப் பார்க்கலாம் என்பதால் நம்மவர்கள் நடமாட்டமும் கூடியிருக்கிறது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் பங்லாவின் வெள்ளை மணல் கடற்கரையில் இரண்டு நாள், சாக்லேட் மலை முன்னால் ஒரு செல்ஃபி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது நிறைய. ஏனென்றால், போஹோலில் இன்று பார்க்கக் கிடைக்கிற பலவும், ஏதோ ஒரு கட்டத்தில் இல்லாமலே போயிருக்க வேண்டியவை!

பிடித்தவரே காவலரானார்

தக்பிலாரனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் முதலில் வருவது கோரெல்லா. நோட்டில் இருக்கும் அந்தக் குட்டி விலங்கின் ஊர். டார்சியர் என்பது உலகறிந்த பெயர். உள்ளூரில் 'மாமக்'.

பெரியவர்களின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. எடை 150 கிராம் இருந்தாலே அதிகம். நம்மூர் தேவாங்கைப் பார்த்தவர்களுக்கு அந்த முழி பழக்கமானதுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு இனம். டார்சியரின் ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய அதன் மூளை அளவுக்குப் பெரியது. அவ்வளவு பெரிய கண்ணைக் குழிக்குள் உருட்ட முடியாது. அதனால் இயற்கை வேறு வழி செய்திருக்கிறது. ஆந்தை மாதிரி கழுத்தையே பின்பக்கம் வரை திருப்பிக்கொள்ளும்.

இலை, பழம் எதையும் தொடாது. பூச்சி, பல்லி என்று சுத்த அசைவம். பகல் முழுக்க ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கி, இரவில்தான் வேட்டைக்குக் கிளம்பும். மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் அவை கத்திக்கொள்வதை 2012-ல்தான் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். வாயைத் திறக்கிறது, சத்தமே வரவில்லை என்று அதுவரை பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, அது உண்மையில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது!

இந்த விலங்கின் அறிவியல் பெயரில் 'கார்லிட்டோ' என்று ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கார்லிட்டோ பிசாராஸ். கோரெல்லாக்காரர். பேராசிரியரோ ஆராய்ச்சியாளரோ அல்ல. இறந்த விலங்குகளைப் பாடம் செய்து விற்கும் தந்தையோடு சேர்ந்து, சிறுவயதில் காட்டில் டார்சியர்களைப் பிடித்துவந்தவர். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கப் பாடம் செய்த டார்சியர்களுக்கு அப்போது நல்ல கிராக்கி.

கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த விலங்கைத் தேடி வர வரக் காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. இப்படியே போனால் ஒன்றுகூட மிஞ்சாது என்று அவருக்குப் பட்டது. பிடிப்பதை நிறுத்தினார். உயிரோடு வளர்த்து, அவை என்ன தின்கின்றன, எப்படிக் குட்டி போடுகின்றன என்று கவனிக்க ஆரம்பித்தார். 1996-ல் டார்சியர்களுக்காக ஓர் அறக்கட்டளை உருவானபோது, கோரெல்லா சரணாலயத்தின் முகமாகவே ஆகிப்போனார். 2010-ல் இந்த விலங்கைத் தனிப் பேரினமாகப் பிரித்த ஆய்வாளர்கள், அதற்கு 'கார்லிட்டோ' என்றே பெயர் சூட்டினார்கள். வேட்டையாடியவர் பெயரையே வேட்டையாடப்பட்ட விலங்கு சுமப்பது எங்கேயும் அடிக்கடி நடப்பதில்லை.

அதே காலத்தில் லோபோக் ஆற்றங்கரையோரம் டார்சியர்களைக் கூண்டில் அடைத்து, சுற்றுலாப் பயணிகளின் தோளில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கம் கலைந்து, ஃபிளாஷ் வெளிச்சத்தில் மிரண்டு, கூண்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு செத்த டார்சியர்களைப் பற்றிய கதைகள் தீவு முழுக்க உண்டு. ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி போடும் விலங்கு. அதிலும் கர்ப்பகாலம் ஆறு மாதம். இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது.

இப்போது தொடுவதற்கும் ஃபிளாஷ் போடுவதற்கும் தடை. சரணாலயத்தில் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது. அந்தக் கண்ணைப் பார்த்தால் பெரியவர்களுக்கே கத்தத் தோன்றும்!

பாதியில் நின்ற பாலம்

கோரெல்லாவிலிருந்து அடுத்து லோபோக். பச்சைக் கண்ணாடி போல அசையாமல் ஓடும் ஆறு. இரண்டு பக்கமும் தென்னையும் நிப்பா பனையும். ஆற்றில் மிதக்கும் உணவகங்களில் மதியச் சாப்பாடு சாப்பிட்டபடியே அருவி வரை போய்வரலாம். வழியில் கரையோர மேடையில் உள்ளூர்க்காரர்கள் உக்குலேலே வாசித்துப் பாடி ஆடுவார்கள். கூட்ட நேரத்தில் படகுகள் வரிசை கட்டி நிற்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது உத்தமம். இசை இந்த ஊருக்கு ரத்தத்தில் ஊறியது. லோபோக் சிறுவர் பாடகர் குழு பல நாடுகளுக்குப் போய்ப் பாடி வந்திருக்கிறது.

ஆற்றங்கரையில் நிற்கும் புனித பேதுரு தேவாலயத்துக்கு எதிரே ஒரு விசித்திரம். ஒரு கான்கிரீட் பாலம் அக்கரையிலிருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி வந்து, அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. போக்குவரத்துக்காகக் கட்டத் தொடங்கிய பாலம்தான். கட்டி முடித்திருந்தால் 18-ம் நூற்றாண்டுத் தேவாலய வளாகத்துக்குள் புகுந்திருக்கும். எதிர்ப்பு கிளம்பியது. வேலை நின்றது. இடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. எங்கும் போகாத அந்தப் பாலத்தையும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

லோபோக்கைத் தாண்டி பிலார் ஊருக்குப் போகும் சாலையில் சுமார் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு வெயிலே தெரியாது. இருபுறமும் மகோகனி மரங்கள் நேர்நேராக எழுந்து மேலே கைகோத்து நிற்கும். மொட்டையாகிப் போன குன்றுகளைக் காப்பாற்ற அரை நூற்றாண்டுக்கு முன் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு. நிழலுக்கும் படத்துக்கும் அருமை. ஆனால் காதைத் தீட்டிக் கேட்டால் பறவைச் சத்தம் குறைவாகவே இருக்கும். மகோகனி இந்த மண்ணின் மரமல்ல, தன் கீழே மற்ற செடிகளை எளிதில் வளரவும் விடாது. நல்ல நோக்கத்தில் செய்த வேலைதான். இன்று நடுவதாக இருந்தால் வேறு மரங்களை நடுவார்கள்.

எருமை போட்டதா, ராட்சசன் அழுததா?

பிலாரைத் தாண்டியதும் நிலம் திறந்துகொள்ளும். வயல்களுக்கு நடுவே ஒன்று, இரண்டு என்று முளைக்கத் தொடங்கும் குன்றுகள், கார்மென் ஊரை அடையும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரவியிருக்கும். கார்மென் காட்சி மேடைக்கு 214 படிகள். மூச்சு வாங்க ஏறி நின்றால்... அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தது போல!

எண்ணிக்கை குறைந்தது 1,268. சிலர் 1,776 வரை கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலானவை 30 முதல் 50 மீட்டர் உயரம். மிக உயர்ந்தது 120 மீட்டர். மரம் கிடையாது. தர்ப்பை, நாணல் வகைப் புற்கள் மட்டும் போர்வையாக மூடியிருக்கும். மழைக்காலத்தில் பச்சைப்பசேல். கோடையில் புல் காய்ந்து முழுக்கப் பழுப்பாகும்போதுதான் 'சாக்லேட்' பெயருக்குப் பொருத்தமாக இருக்கும்.

இந்த வடிவம் எப்படி வந்தது? உள்ளூரில் மூன்று கதைகள். இரண்டு ராட்சசர்கள் நாள்கணக்கில் கல்லும் மண்ணும் எறிந்து சண்டை போட்டார்கள், களைத்துப் போய் நண்பர்களாகி, எறிந்ததைச் சுத்தம் செய்யாமலே போய்விட்டார்கள் என்பது ஒன்று. அரோகோ என்ற ராட்சசன் அலோயா என்ற மனிதப் பெண்ணைக் காதலித்தான், அவள் இறந்தபோது அவன் சிந்திய கண்ணீர்த் துளிகள் உறைந்து மலைகளாயின என்பது இரண்டாவது. பயிரை மேய்ந்த ராட்சச எருமைக்கு ஊரார் கெட்டுப்போன தீனியை வைக்க, அதன் வயிறு கலங்கிப் போட்டதுதான் இத்தனையும் என்பது மூன்றாவது. குழந்தைகளுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!

விஞ்ஞானம் சொல்வது நான்காவது கதை. ஒரு காலத்தில் இது கடலின் அடி. பவளமும் சிப்பியும் படிந்து உருவான சுண்ணாம்புப் பாறை, பூமியின் அசைவில் மேலே எழுந்தது. லட்சக்கணக்கான ஆண்டுகள் மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து இப்படிச் செதுக்கியது. மலைகளின் பாறையில் இன்றும் கடல் உயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன.

1988-ல் இவை தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 1997-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. 2023-ல் போஹோல் தீவு முழுவதையும் யுனெஸ்கோ 'உலகப் புவிப் பூங்கா' பட்டியலில் சேர்த்தது. பிலிப்பைன்ஸிலேயே முதல் இடம்.

அடுத்த ஆண்டே வெடித்தது சர்ச்சை. 2024 மார்ச்சில் ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பக்கத்து ஊரான சக்பயானில், சாக்லேட் மலைகளின் அடிவாரத்திலேயே ஒரு ரிசார்ட். நீச்சல் குளம், சறுக்குப் பாதை, குடில்கள் என்று அத்தனையும் மேலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிந்தன. மக்கள் கொதித்தார்கள். சுற்றுச்சூழல் சான்றிதழே பெறாத அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடும்படி 2023 செப்டம்பரிலேயே ஆணையிட்டிருந்ததாக அரசுத் துறை சொன்னது. ஆணை ஒரு பக்கம், குளியல் இன்னொரு பக்கம் என்று ஆறு மாதம் ஓடியிருக்கிறது! செனட்டில் கேள்வி எழுந்த பிறகுதான் கதவு மூடியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிப்பதற்கு முன்பே பட்டா வைத்திருந்தவர்களின் நிலங்களும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. மலையடியில் நெல் விளைவிக்கும் குடும்பங்கள் அவை. 'உன் நிலம்தான், ஆனால் நீ நினைத்தபடி எதுவும் கட்ட முடியாது' என்று சொன்னால், அதற்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? வீடியோவைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவாகக் கேட்கவில்லை.

காலை 8 மணி 12 நிமிடம்

சக்பயான் பெயரை போஹோல் மக்கள் மறக்க முடியாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2013 அக்டோபர் 15. காலை 8.12. ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 7.2. நிலநடுக்கத்தின் மையம் சக்பயான் அருகேதான்.

அன்று பக்ரீத் விடுமுறை. பள்ளிகள் மூடியிருந்தன. வகுப்பறைகள் பல இடிந்து விழுந்ததைப் பார்த்தபோதுதான், அந்த விடுமுறை எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பது புரிந்தது. அப்படியும் போஹோலிலும் செபுவிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

தீவின் பழம்பெருமையே சில விநாடிகளில் தரைமட்டமானது. மேற்குக் கரையில் லோவோன் என்று ஓர் ஊர். மாகாணத்திலேயே மிகப் பெரிய தேவாலயம் அங்கே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் எழுந்த அன்னை மரியாவின் ஆலயம். மொத்தமும் சரிந்து, கடற்கரையோரம் பவளக்கற்களின் ஒரு குவியலாகக் கிடந்தது. மரிபோஹோக் ஊர்த் தேவாலயமும் அப்படியே. லோபோக்கில் மணிக்கூண்டு பாதியாக முறிந்தது. பாக்லயோனில் முகப்பு மண்டபமும் மணிக்கோபுரமும் சிதைந்தன.

பாக்லயோன் தேவாலயம் 1727-ல் எழுந்தது. கடலிலிருந்து பவளக்கற்களை வெட்டி எடுத்து, சதுரமாகச் செதுக்கி, மூங்கில் கட்டி மேலே தூக்கி அடுக்கினார்கள். சாந்தோடு சேர்க்க ஊர் ஊராக முட்டை வசூல் நடந்தது, வெள்ளைக்கருவைக் கலந்துதான் கட்டினார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு, 'அதனால்தான் எங்களுக்கு இத்தனை வகை இனிப்புகள்' என்று பதில் வரும்.

இடிந்ததை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். செலவும் குறைவு, காலமும் குறைவு. ஆனால் தேசிய அருங்காட்சியகமும் தேசிய வரலாற்று ஆணையமும் ஊர்களைப் பிரித்துக்கொண்டு, சிதறிய கற்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்து, பயன்படுத்த முடிந்ததையெல்லாம் மறுபடி அடுக்கின. லோவோன் மக்கள் தங்கள் ஆலயத்தின் கதவு திறப்பதைப் பார்க்க எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2021-ல் லோவோன், லோபோக் இரண்டும் திறந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஓடெட் புயல் வந்து லோபோக் ஆறு கரைபுரண்டது வேறு கதை.

லோவோன் ஆலயத்துக்குப் போகிறவர்கள், பக்கத்திலேயே மேட்டையும் கடற்கரையையும் இணைக்கும் 174 படிகள் கொண்ட பழைய கல் படிக்கட்டையும் பார்த்துவிட்டு வரலாம். இறங்குவது சுலபம். ஏறுவது அவரவர் முழங்காலைப் பொறுத்தது!

ஒரு கரை எழுந்தது... ஒரு தீவு அமிழ்ந்தது

அந்தக் காலை, வரைபடத்தையே கொஞ்சம் மாற்றி வரைந்துவிட்டது. வடக்கே இனபாங்கா ஊரின் அனோனாங் பகுதியில், வயலும் தோப்புமாக இருந்த இடத்தில் திடீரென்று பாறைச்சுவர் ஒன்று எழுந்து நின்றது. சில இடங்களில் மூன்று மீட்டர் உயரம். பூமிக்கடியில் அப்படியொரு பிளவு இருப்பதே அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லை. 'போஹோலின் பெருஞ்சுவர்' என்று பெயர் வைத்து, அதையும் பார்க்க வருகிறார்கள்.

லோவோன், மரிபோஹோக் கரையோரங்களில் கடலடித்தரை மேலே வந்தது. முந்தைய நாள் மீன் நீந்திய இடத்தில் பவளத்திட்டு காய்ந்து கிடந்தது.

துபிகோன் ஊரைச் சேர்ந்த குட்டித் தீவுகளுக்கோ நேர்மாறான விதி. பதாசான், உபாய், பங்காபாசான், பிலாங்பிலாங்கான் ஆகிய நான்கு தீவுகளில் நிலம் கீழே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பெரிய ஓதம் வரும்போதெல்லாம் கடல் வீட்டுக்குள் வருகிறது. ஆய்வாளர்களின் கணக்குப்படி, மோசமாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் வருடத்துக்கு 130 நாட்களுக்கு மேல்.

அரசு, பெரிய தீவில் இடம் தருகிறோம், வந்துவிடுங்கள் என்றது. பெரும்பாலானோர் மறுத்துவிட்டார்கள். மீன்பிடிப்பவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளிப் போய்ப் பிழைப்பு ஏது? வீட்டைக் கால் வைத்து உயர்த்தினார்கள். பவளக்கல்லைக் கொட்டித் தரையை மேடாக்கினார்கள். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். கடல்மட்டம் உயர்ந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று உலகம் கருத்தரங்கு போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கான விடை இந்தத் தீவுகளில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் விஞ்ஞானிகள் இங்கே வந்து போகிறார்கள்.

இது சுற்றுலாத் தலம் அல்ல. வேடிக்கை பார்க்கப் போகிற இடமும் அல்ல. ஆனால் போஹோலைப் பற்றிப் பேசும்போது விட்டுவிட முடியாத இடம்.

அண்ணன் தொடங்கியது... 85 ஆண்டுப் போர்!

சுவர் எழுந்த அதே இனபாங்கா மண்ணில்தான் பிலிப்பைன்ஸ் வரலாற்றின் மிக நீண்ட கிளர்ச்சியும் பிறந்தது. 1744. ஊர்த் தலைவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ தாகோஹோய். அவருடைய தம்பி சகாரினோ, பாதிரியார் இட்ட வேலைக்காக ஒருவனைப் பிடிக்கப் போய், மோதலில் உயிரிழந்தார். நேருக்கு நேர் சண்டையில் செத்தவனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்று அதே பாதிரியார் மறுத்துவிட்டார். தம்பியின் உடல் மூன்று நாட்கள் அழுகிக் கிடந்தது.

அண்ணன் மலை ஏறினார். கூடவே மூவாயிரம் பேர். பிறகு இருபதாயிரம் வரை சேர்ந்தார்கள். வரியும் கட்டாய உழைப்பும் தாங்காமல் இருந்தவர்களுக்கு ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. மலைக்குள் தங்களுக்கென்று ஓர் அரசையே நடத்தினார்கள். தாகோஹோய் இறந்த பிறகும் கிளர்ச்சி ஓயவில்லை. 1829-ல் ஸ்பானியப் படை ஒருவழியாக அடக்கியபோது 85 ஆண்டுகள் கடந்திருந்தன. பேரன், கொள்ளுப்பேரன் காலம்!

இன்று அவர் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. அவர் பதுங்கியிருந்ததாகச் சொல்லும் குகை தனாவோ ஊரில். அங்கே இப்போது கயிற்றில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் சாகச விளையாட்டுகள் நடக்கின்றன.

ஸ்பெயினோடு போஹோலின் முதல் சந்திப்போ வேறு மாதிரி இருந்தது. 1565 மார்ச் 16 அன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும், போஹோலின் குறுநில மன்னர் சிகாதுனாவும் கையைக் கீறி, ரத்தத்தை ஒரே கோப்பை மதுவில் கலந்து குடித்து நட்பானார்கள். தக்பிலாரனின் போவோல் பகுதியில் கடலைப் பார்த்தபடி அந்தக் காட்சி வெண்கலச் சிலைகளாக நிற்கிறது. செய்தவர் இந்த மாகாணத்திலேயே பிறந்த, தேசியக் கலைஞர் நப்போலியன் அபுவேவா. சம்பவம் நடந்தது இங்கே அல்ல, பக்கத்து ஊரான லோவாயில் என்ற வாதமும் வலுவாக இருக்கிறது. ஆனாலும் பேருந்துகள் நிற்பது சிலை இருக்கும் இடத்தில்தான்.

கொக்கியோடு குதித்தவர்கள்

பாக்லயோன் கரையிலிருந்து படகில் போனால் பமிலாகான். பெயரிலேயே கொக்கி இருக்கிறது. 'பிலாக்' என்பது பெரிய மீன்களைப் பிடிக்கும் கொக்கி. இந்தத் தீவின் ஆண்கள் திமிங்கலச் சுறாவைக் கண்டால், கையில் கொக்கியோடு படகிலிருந்து அதன் முதுகிலேயே குதிப்பார்கள். அப்பா, தாத்தா காலத்திலிருந்து வந்த தொழில்.

1998-ல் திமிங்கலச் சுறா வேட்டைக்கு பிலிப்பைன்ஸ் தடை போட்டது. தீவின் அடுப்பு அணைந்தது போலத்தான். கோபமும் இருந்தது. ஆனால் எந்த மாதத்தில், எந்த நீரோட்டத்தில், எந்த உயிர் மேலே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவையே முதலாக்கிக்கொண்டார்கள். வேட்டைப் படகுகள் டால்பின், திமிங்கலம் காட்டும் படகுகளாயின. விடியற்காலையில் கிளம்பினால் டால்பின் கூட்டம் படகுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். சுக்கான் பிடிப்பவர் வயதானவராக இருந்தால், அவர் கை ஒரு காலத்தில் கொக்கி பிடித்த கையாகவும் இருக்கலாம்.

பானையோடு விற்கும் உப்பு

பாக்லயோனுக்குக் கிழக்கே அல்புர்கெர்கே. இங்கே ஒரு சில குடும்பங்கள் மட்டும் 'அசின் திபுவோக்' என்ற உப்பைக் காய்ச்சுகின்றன. தேங்காய் மட்டைகளைக் கடல்நீர்க் குழியில் மாதக்கணக்கில் ஊறப் போட்டு, காயவைத்து, நாள்கணக்கில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் வழியே கடல்நீரை வடிகட்டி, வடிந்ததை மண்பானையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். தண்ணீர் சுண்டச் சுண்ட மேலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் உப்பு பாறையாக இறுகும்போது பானையின் அடி வெடித்துவிடும். உடைந்த பானையிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை உருண்டை டைனோசர் முட்டை மாதிரியே இருக்கும். லேசான புகை வாசனை. சூடான சோற்றின் மேல் துருவிப் போட்டுச் சாப்பிடுவார்கள்.

1995-ல் உணவு உப்பில் அயோடின் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் இந்தத் தொழில் கிட்டத்தட்ட விழுந்தே போனது. வெளிநாட்டுச் சமையல் கலைஞர்களின் கண்ணில் பட்டு, விலை ஏறி, இப்போது தாக்குப் பிடிக்கிறது.

இனிப்புக்கு ஹாக்னா. அரிசி மாவு, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை மூன்றையும் கிளறிக் கிளறி இறக்கும் 'கலமாய்', கீழக்கரைத் தொதலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து, ஓரத்தைச் சிவப்புக் காகிதத்தால் ஒட்டி விற்கிறார்கள். வாங்கி வருவது சுலபம். உடைத்துத் திறக்கத்தான் ஆள் தேட வேண்டும்!

ஊதா நிற ராசவள்ளிக் கிழங்குக்கு இங்கே தனி மரியாதை. கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தம் கொடுப்பது வழக்கம். பஞ்ச காலத்தில் உயிர் காத்த கிழங்காயிற்றே!

இன்னும் நேரம் இருப்பவர்கள் கிழக்கு முனை வரை போகலாம். கண்டிஹாயில் மலைச்சரிவில் அடுக்கடுக்கான நெல்வயல்களும் கன்-உமந்தாத் அருவியும். அண்டாவில் கூட்டமே இல்லாத வெள்ளை மணலும், லாமனோக்கின் பாறையில் ஆதிமனிதர்கள் சிவப்புக் காவியால் தீற்றிய அடையாளங்களும். திரும்பும் வழியில் தாவிஸ் ஊரின் ஹினக்தானான் குகை. கூரையில் இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே இறங்கும் வெயில், உள்ளே இருக்கும் குளத்தை நீலமாக்கிவிடும்.

எல்லாவற்றையும் பார்க்க குறைந்தது ஐந்து நாட்கள் வேண்டும். கார் வாடகைக்கு எடுத்தால் குடும்பத்தோடு நிதானமாகச் சுற்றலாம். மழை குறைவாக இருக்கும் மாதங்கள் டிசம்பர் முதல் மே வரை. மலைகள் சாக்லேட் நிறத்தில்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஏப்ரல், மே. நம் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை!